லண்டனில் நான் பார்த்த சேற்று மைதானம்

லண்டன் போய்வந்தவள் என்றதும் அட்டாளைச்சேனையில் எங்கள் ஒழுங்கையில் உள்ள பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “ராத்தா, மகாராணி இருந்த மாளிகையைப் பார்த்தீங்களா? தேம்ஸ் ஆத்துப் பாலத்தைப் பார்த்தீங்களா?” பார்த்தேன். மருமகன் ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டினார். ஆனால் ஐந்து மாதம் அங்கே தங்கியிருந்து என் மனதில் பதிந்து வந்த காட்சி அவை எதுவுமில்லை. சேறும் சகதியுமான ஒரு சிறிய விளையாட்டு மைதானம்தான். சொன்னால் சிரிக்கிறார்கள். அறுபது வயதை எட்டப் போகிற ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் உதைபந்தாட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சாக்குக்குள் ஒளித்த சப்பாத்து

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மகள், திருமணமாகி லண்டனில் இருக்கிறாள். இளையவன் மகன். அவர்களுடைய வாப்பா 2010 இல் மௌத்தானபோது மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து உம்மாவும் நானே, வாப்பாவும் நானே.

அஸர் தொழுததும் மகன் மைதானத்துக்கு ஓடிவிடுவான். எங்கள் கரையோர ஊர்களில் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு இது புதிதல்லவே! நிந்தவூரிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த ஊருக்குப் போனாலும் பின்னேரத்தில் ஒரு பந்தும் இருபது பிள்ளைகளும் கண்ணில் படாமல் இருக்காது. மைதானம் இல்லாவிட்டால் கடற்கரை மணல், அதுவும் இல்லாவிட்டால் அறுவடை முடிந்த வயல். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது முழங்கால்வரை மண்ணோடு வருவான். நான் ஏசுவேன். அவன் சிரிப்பான்.

2012 இல் அவனுக்கு க.பொ.த. உயர்தரப் பரீட்சை. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, அவன் தன் கைக்காசைச் சேர்த்து வாங்கிய விளையாட்டுச் சப்பாத்தை எடுத்து நெல் மூட்டைகளுக்கு இடையில் ஒரு சாக்குக்குள் ஒளித்துவைத்தேன். அவன் வீடு முழுக்கத் தேடினான். “நீங்க எடுத்தீங்களா உம்மா?” என்று ஒரே ஒரு முறைதான் கேட்டான். இல்லை என்று சொன்னேன். ஆசிரியையாக இருந்தவள், பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னேன்.

பரீட்சையில் அவன் நினைத்த பெறுபேறு கிடைக்கவில்லை. மைதானத்துக்கும் அவன் பிறகு போகவில்லை. மின்வேலை பழகிக்கொண்டு 2014 இல் கட்டாருக்குப் போய்விட்டான். 2022 உலகக் கிண்ணத்தின் இறுதிப் போட்டி நடந்த லுசைல் மைதானம் கட்டப்பட்டபோது அங்கே மின்கம்பி இழுத்த ஆயிரக்கணக்கான கைகளில் என் மகனுடைய கையும் ஒன்று. இறுதிப் போட்டியை அவன் தன் தங்குமிடத்தில் திரையில்தான் பார்த்தான். அந்தச் சாக்கைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை

2025 ஜனவரியில் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக லண்டனுக்குப் போனேன். மகள் இருப்பது நகரின் கிழக்குப் பக்கம், இல்ஃபர்ட் என்ற இடத்தில். அங்கே கடைத்தெருவில் இறங்கி நடந்தால் நாம் வெளிநாட்டில் இருக்கிறோமா என்ற சந்தேகமே வந்துவிடும். ஹலால் இறைச்சிக் கடை, புடவைக்கடை, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் விற்கும் தமிழ்க்கடை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பாங்கொலி மட்டும் வெளியே கேட்காது. குளிரோ எலும்பைத் துளைக்கும்.

பக்கத்து வீட்டில் மருதமுனையிலிருந்து போய்க் குடியேறிய ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இருபத்தொரு வயது. பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. அவன் லண்டனில் பிறந்தவன். தமிழைக் கொஞ்சம் மென்று மென்றுதான் பேசுவான். ஆனால் என்னைக் கண்டால் “மாமி, சுகமா?” என்று கேட்காமல் போகமாட்டான். செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து இரவு ஒன்பதரை, பத்து மணிக்குத்தான் வீடு வருவான். தோளில் ஒரு பை. பையிலிருந்து எட்டிப்பார்க்கும் சேறு படிந்த சப்பாத்து.

“இந்தப் பிள்ளை எங்க போய் வாறான்?” என்று மகளிடம் கேட்டேன்.

“புட்போல் பயிற்சிக்கு உம்மா. அவன் ஒரு கிளப்புக்கு ஆடுறான். அதுக்குக் கொஞ்சம் காசும் குடுக்கிறாங்க.”

வேலையும் பார்த்துக்கொண்டு பந்தும் விளையாடி, அதற்குக் கூலியும் வாங்குகிறானா? எனக்கு விளங்கவில்லை. மருமகன்தான் உட்கார்ந்து விளக்கினார்.

ஏணியின் கீழ்ப்படிகள்

இங்கிலாந்தின் உதைபந்தாட்டம் என்றால் நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் பிரீமியர் லீக் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ஏணியின் உச்சிப்படி மாத்திரமே. அதில் 20 கழகங்கள். அதற்குக் கீழே மூன்று படிகளில் ஒவ்வொன்றிலும் 24 கழகங்கள். ஆக மொத்தம் 92. முழுநேர விளையாட்டு வீரர்கள் பெரும்பாலும் இந்தத் தொண்ணூற்றிரண்டுக்குள் முடிந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஏணி அங்கே முடிவதில்லை. ஐந்தாம் படி, ஆறாம் படி என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை விளையாடும் அணிகள்வரை வருகிறது. ஏழாம், எட்டாம் படிகளில் நாட்டைப் பிரதேசங்களாகப் பிரித்து மூன்று பெரிய லீக்குகள் நடத்துகிறார்கள். வடக்கே நொதர்ன் பிரீமியர் லீக், நடுவிலும் தென்மேற்கிலும் சதர்ன் லீக், லண்டனையும் தென்கிழக்கையும் சுற்றி இஸ்த்மியன் லீக். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆடுவது இந்த இஸ்த்மியன் லீக்கின் எட்டாம் படிப் பிரிவு ஒன்றில். ஒவ்வொரு பருவ முடிவிலும் முன்னணியில் உள்ளவர்கள் ஒரு படி ஏறுவார்கள். கடைசியில் உள்ளவர்கள் ஒரு படி இறங்குவார்கள். எந்தக் குட்டிக் கழகத்துக்கும் மேலே போகும் வழி அடைக்கப்படவில்லை.

இந்தப் படிகளில் ஆடுகிறவர்களில் ஆசிரியர் இருப்பார், தபால்காரர் இருப்பார், கூரை வேய்பவர் இருப்பார். வாரத்தில் இரண்டு இரவு பயிற்சி. சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் போட்டி. சில வாரங்களில் செவ்வாய் இரவும் போட்டி. கிடைப்பது ஒரு சிறு கூலியும் போக்குவரத்துச் செலவும். அதை நம்பி எவரும் வீடு கட்ட முடியாது.

மைதானத்துக்குப் போனேன்

பெப்ரவரி முதல் சனிக்கிழமை. குழந்தை பிறக்க இன்னும் நாளிருந்தது. “மாமி, வந்து பாருங்களன்” என்று பிள்ளை அழைத்தான். எனக்குத் தயக்கம். பெண்கள் போகக்கூடிய இடமா அது? அவனுடைய உம்மாவும் வருகிறாள் என்றபிறகுதான் சம்மதித்தேன். அந்தப் பருவத்தில் லண்டனில் அஸர் நேரம் இரண்டரை மணியளவிலேயே வந்துவிடும். வீட்டிலேயே தொழுதுவிட்டு, பிளாஸ்கில் இஞ்சித் தேநீரும் ஒரு பெட்டியில் ரோல்ஸும் எடுத்துக்கொண்டு போனோம். அவன் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை. அதனால் கழகத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு புல்வெளி. ஒரு பக்கத்தில் மட்டும் தகரக் கூரை போட்ட சிறிய பார்வையாளர் மேடை. மற்ற மூன்று பக்கமும் இடுப்பளவு இரும்புக் கம்பி. அதில் சாய்ந்துகொண்டு நிற்கலாம். இருநூறு பேர் இருக்கலாம். பெரும்பாலும் முதியவர்கள், சிலர் பேரப்பிள்ளைகளோடு, சிலர் நாயோடு. கோல் கம்பங்களுக்கு முன்னால் புல்லே இல்லை, குழைத்த களிமண்தான். வயல் உழுத அன்று எங்கள் ஊர் வரம்பில் நடந்தால் கால் எப்படிப் புதையுமோ அப்படி!

கம்பியோரம் நின்றால் எல்லாம் காதில் விழுகிறது. பந்தில் கால் படும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், கோல் காப்பாளர் தன் ஆட்களை அதட்டும் சத்தம், மத்தியஸ்தரைப் பார்த்து ஒரு கிழவர் முணுமுணுக்கும் சத்தம். தொலைக்காட்சியில் இது எதுவும் கிடைக்காது. பந்து ஒரு முறை வேலியைத் தாண்டி யாரோ வீட்டுத் தோட்டத்தில் விழுந்தது. அந்த வீட்டுப் பெண்மணி சலிப்பில்லாமல் வந்து திருப்பி எறிந்தாள். அவளுக்கு அது வாராவாரம் நடக்கும் சங்கதி போலும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இடதுபுறத் தடுப்பாட்டக்காரன். டிப்போவில் எண்ணெய்க் கறையோடு நான் பார்த்த அதே பையன்தானா என்று வியந்தேன். தன்னைவிட ஒரு சாண் உயரமானவன் மோதினாலும் எழுந்து ஓடுகிறான். அவனுடைய உம்மா ஒவ்வொரு மோதலுக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ராத்தா, எட்டு வருசமா வந்து பார்க்கிறன். இன்னும் நெஞ்சு அடிக்குது” என்றாள்.

இடைவேளையில் தேநீர் விற்கும் சிறிய குடிலுக்குப் போனோம். எழுபது வயது தாண்டிய ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. சம்பளம் எதுவும் வாங்காமல் முப்பது வருடமாக அங்கே தேநீர் ஊற்றுகிறாராம். அணியின் உடுப்புகளைத் துவைத்துக் காயவைப்பதும் அவர்தான். இந்தச் சிறிய கழகங்கள் இப்படிப்பட்டவர்களால்தான் நிற்கின்றன. வாசலில் காசு வாங்குபவர், கோடு போடுபவர், வலை கட்டுபவர் எல்லோருமே தொண்டர்கள்.

அவர் என்னைப் பார்த்து, “உங்கள் மகனும் விளையாடுகிறாரா?” என்று கேட்டார். நான் ஆங்கிலம் அறிந்தவள்தான். ஆனாலும் பதில் வரவில்லை. “விளையாடினான்” என்றேன் கடைசியில். அவர் மேற்கொண்டு கேட்காமல் தேநீரை நீட்டினார்.

கண்ணியமே போதும்

வீட்டுக்கு வந்தபின் மருமகனிடம் இந்த லீக்கின் வரலாற்றைக் கேட்டேன். புத்தகமும் எடுத்துத் தந்தார். பழைய ஆசிரியைப் புத்தி விடுமா?

இஸ்த்மியன் லீக் 1905 இல் லண்டனில் ஆறு கழகங்களோடு தொடங்கியது. பண்டைய கிரேக்கத்தில் கொரிந்து நகருக்கு அருகே நடந்த விளையாட்டுகளின் பெயரை அதற்கு வைத்தார்கள். கூலி வாங்காதவர்களுக்கு மட்டுமே இடம். வெற்றி பெற்ற கழகத்துக்குக் கிண்ணமும் இல்லை, பதக்கமும் இல்லை! “கண்ணியமே போதும்” என்ற பொருள்படும் இலத்தீன் வாசகம்தான் அந்த லீக்கின் குறிக்கோள். காலம் மாறியது. 1974 இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் கூலி வாங்குபவர், வாங்காதவர் என்ற பாகுபாட்டையே எடுத்துவிட்டது. அதன்பிறகு வந்ததுதான் இந்த அரைக்கூலி முறை.

அந்த ஆறு கழகங்களில் இல்ஃபர்ட்டும் ஒன்று, கிளப்டன் இன்னொன்று. கிளப்டனின் பழைய மைதானம் மகள் வீட்டிலிருந்து ரயிலில் இரண்டாவது தரிப்பிடமான ஃபொறஸ்ட் கேட்டில் இருக்கிறது என்று அறிந்து ஒரு நாள் போய்ப் பார்த்தேன். ‘ஓல்ட் ஸ்பொட்டட் டோக்’, அதாவது ‘பழைய புள்ளிநாய்’ என்பது அதன் பெயர். பக்கத்திலிருந்த பழைய விடுதியின் பெயர் மைதானத்துக்கும் ஒட்டிக்கொண்டதாம். 1888 முதல் அங்கே பந்தாட்டம் நடக்கிறது. 1890 இல் கடல் கடந்து பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகரில் ஆடி 7-0 என்று வென்றது இந்தக் கிளப்டன். ஐரோப்பியப் பெருநிலத்துக்குப் போய் ஆடிய முதல் ஆங்கிலக் கழகம் இதுவே என்பார்கள்.

வோல்டர் டல் என்ற வீரரின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. அவருடைய தந்தை மேற்கிந்தியத் தீவான பார்படோஸிலிருந்து வந்தவர். பெற்றோரை இழந்து கிழக்கு லண்டனில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்த கறுப்பினப் பிள்ளை அவர். 1908 இல் கிளப்டனில் சேர்ந்தார். மறுவருடமே பெரிய கழகமான டொட்டன்ஹாம் அவரை அழைத்துக்கொண்டது. பின்னர் முதலாம் உலகப் போரில் இராணுவ அதிகாரியாக உயர்ந்து, 1918 மார்ச்சில் போர்க்களத்தில் உயிர்நீத்தார். அநாதைப் பிள்ளைக்கு முதலில் வாசலைத் திறந்தது ஒரு சிறிய கழகம் என்பதை எண்ணிப் பார்த்தேன்.

அந்த மைதானம் கைநழுவிப் போக இருந்த கதையும் உண்டு. நிர்வாகத்தோடு முரண்பட்ட ரசிகர்கள் 2018 இல் தாங்களே ஒரு கழகம் தொடங்கினார்கள். ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு என்பது சட்டம். 2020 இல் அந்த நிலத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். ஊர் மக்கள் பணம் சேர்த்து மைதானத்தை மீட்பது! நம் ஊர்களில் பள்ளிவாசல் காணியை ஜமாஅத்தார் சேர்ந்து காப்பாற்றுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது நன்றாகவே விளங்கியது.

பெண்களுக்கு அடைத்த கதவு

சகோதரிகளே, இன்னொரு செய்தி. பெண்களை மைதானத்திலிருந்து விலக்கி வைத்தது நம்மவர்கள் மாத்திரமல்ல. 1920 டிசம்பர் 26 ஆம் திகதி லிவர்பூல் நகரில் பெண்கள் அணிகள் இரண்டு ஆடிய போட்டியைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டு, 1921 டிசம்பர் 5 இல், பெண்களுக்கு இந்த விளையாட்டு பொருந்தாது என்று கூறி உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அந்தத் தடை நீங்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின.

நம் பெண்களுக்கோ இன்னொரு தடையும் இருந்தது. தலையை மறைத்து ஆட அனுமதியில்லை என்று 2011 இல் ஈரான் பெண்கள் அணி ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஆடமுடியாமல் போனது. 2014 மார்ச்சில்தான் சர்வதேச விதி முறையாக மாற்றப்பட்டது. 2023 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு ஆடினார். பெரியவர்களுக்கான உலகக் கிண்ணத்தில் அதுவே முதல் முறை. இல்ஃபர்ட்டிலேயே முஸ்லிம் பெண்களின் விளையாட்டுச் சங்கம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய உதைபந்தாட்ட அணி லீக்கில் ஆடுகிறது. மகள் வீட்டுத் தெருவில் ஹிஜாபின் மேல் குளிர்த்தொப்பி போட்டு, தோளில் விளையாட்டுப் பையோடு போகும் பிள்ளைகளைக் கண்டால் முன்பு முகம் சுளித்திருப்பேன். இப்போது நின்று ஸலாம் சொன்னேன்.

நோன்பு நாட்கள்

மார்ச் மாதம் நோன்பு வந்தது. அதற்கு முன்பே பேரன் பிறந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். சனிக்கிழமைப் போட்டிகள் பிற்பகல் 3 மணிக்கென்றால் நோன்போடுதான் ஆடவேண்டும். பயிற்றுநர் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம், “உனக்கு முடியுமென்றால் ஆடு, முடியாவிட்டால் சொல்” என்று அவன் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். அவன் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, மாற்று வீரருக்கு இடம் கொடுத்து வெளியே வந்து கம்பியோரம் உட்கார்ந்தான். வாய் கொப்பளித்துத் துப்பினான். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை.

செவ்வாய் இரவு ஆட்டத்துக்கு நாங்களும் போனோம். நோன்பு திறக்கும் நேரம் ஆறு மணிக்குச் சற்றுப் பின்னால். ஆட்டம் ஏழே முக்காலுக்கு. உடை மாற்றும் அறைக்கு நான் பேரீச்சம்பழமும் கஞ்சியும் கொடுத்தனுப்பியிருந்தேன். அப்போது தேநீர்க் குடிலில் ஒன்றைக் கண்டேன். விலைப்பட்டியல் எழுதும் கரும்பலகையின் ஓரத்தில், அன்றைய சூரிய அஸ்தமன நேரம் சோக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் பேரீச்சம்பழம். அந்தக் கிழவிதான்! “அவன் போன வருடம் சொன்னான், நான் குறித்துவைத்துக்கொண்டேன்” என்றார்.

மேற்படியிலும் இப்போது இந்த வழக்கம் வந்திருக்கிறது. 2021 ஏப்ரலில் லெஸ்டர் சிற்றிக்கும் கிறிஸ்டல் பலஸுக்கும் நடந்த போட்டியில், சூரியன் மறைந்தபின் கோல் காப்பாளர் பந்தை உதைக்காமல் ஒரு கணம் தாமதிக்க, முஸ்லிம் வீரர்கள் இருவர் நோன்பு திறந்தார்கள். 2023 முதல் இப்படி ஆட்டத்தைச் சற்று நிறுத்துமாறு மத்தியஸ்தர்களுக்கே அறிவுறுத்தினார்கள். கோடி கோடியாகப் பணம் புரளும் இடத்தில் நடந்தது பத்திரிகையில் வந்தது. தேநீர்க் குடில் கரும்பலகை எந்தப் பத்திரிகையிலும் வராது.

எல்லாம் நல்லதா?

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமல்ல. மைதானத்தோடு ஒட்டிய கழகக் கட்டடத்தில் மதுச்சாலை இருக்கிறது. சிறிய கழகங்களுக்கு அதன் வருமானம் பெரிய தூண். நாங்கள் அந்தப் பக்கமே போகாமல் எதிர்ப்புறக் கம்பியோரம் நின்றோம். இடைவேளையில் அதிர்ஷ்டச் சீட்டு விற்று வருவார்கள். மருமகன் சீட்டு வாங்காமல், உண்டியலில் மட்டும் காசு போடுவார். எவரும் முகம் கோணவில்லை. இந்த மூன்று லீக்குகளுக்கும் 2020 இல் கைகொடுத்ததோ ஒரு பெரிய சூதாட்ட நிறுவனத்தின் நிதித் திட்டம். பிரீமியர் லீக் கழகங்கள் சட்டையின் முன்புறத்திலிருந்து சூதாட்ட விளம்பரத்தை 2025-26 பருவ முடிவோடு நீக்குவதாக 2023 இல் தீர்மானித்தன. இந்தப் பணம் எங்கள் பிள்ளைகளின் விளையாட்டுக்குள் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்பதைத் தாய்மார் அறிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று காயம். ஏப்ரல் தொடக்கத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணுக்கால் புரண்டுவிட்டது. இரண்டு வாரம் டிப்போவுக்குப் போகமுடியவில்லை. மைதானத்தில் கிடைக்கும் கூலியைவிட வேலையில் இழந்தது அதிகம். அவனுடைய உம்மா அழுதாள். “இதெல்லாம் யாருக்காக ராத்தா?” என்று என்னிடம் கேட்டாள்.

யாருக்காக? ஏணியில் ஏறியவர்கள் இருக்கிறார்கள்தான். ஜேமி வார்டி என்பவர் எட்டாம் படிக் கழகமான ஸ்டொக்ஸ்பிரிஜ்ஜில் வாரத்துக்கு 30 பவுண் வாங்கி, பகலில் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 2012 இல் லெஸ்டர் கழகம் பத்து இலட்சம் பவுண் கொடுத்து அவரை எடுத்தது. 2016 இல் அதே லெஸ்டர் பிரீமியர் லீக்கை வென்றது. அந்த அணியில் அவரோடு ஆடிய ரியாத் மஹ்ரெஸும் கான்தேயும் பிரான்சின் கீழ்ப்படிகளிலிருந்து ஏறிவந்த முஸ்லிம் பிள்ளைகள். இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விமல் யோகநாதன் 2024 ஓகஸ்ட்டில் பான்ஸ்லி கழகத்துக்காக ஆடியபோது, இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்று எழுதினார்கள்.

ஆனால் இவர்கள் ஆயிரத்தில் ஒருவர். மற்றவர்கள் எட்டாம் படியிலேயே முப்பத்தைந்து வயதுவரை ஆடிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றி வைப்பார்கள். இதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமே கேட்டேன். “நீ மேல போவியா மகன்?”

அவன் சிரித்தான். “இல்ல மாமி. எனக்குத் தெரியும். ஆனா சனிக்கிழமை இருக்கிறதாலதான் மத்த ஆறு நாளும் என்னால வேலைக்குப் போகேலும்.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தோஹாவுக்கு ஒரு அழைப்பு

மறுநாள் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பேரனைப் பற்றிக் கதைத்தோம், குளிரைப் பற்றிக் கதைத்தோம். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். “மகன், உன்ட சப்பாத்த நான்தான் எடுத்து ஒளிச்ச.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “தெரியும் உம்மா” என்றான். “அடுத்த போகத்துக்கு நெல்லு மூட்டை எடுக்கக்குள்ள கண்ட நான். திரும்ப அங்கேயே வச்சிட்டன்.”

பதின்மூன்று வருடம்! நான் பொய் சொன்னது தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறான். அழுகையை அடக்கிக்கொண்டு, “நீ விளையாடுறதையே விட்டுட்டாய், என்னாலதான்” என்றேன்.

“யார் சொன்ன விட்டன் எண்டு?” அவன் குரலில் சிரிப்பு. “ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆடுறன் உம்மா. நம்மட பக்கத்துப் பொடியன்கள் எல்லாம் சேர்ந்து ஒரு டீம். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லா ஊர்ப் பொடியன்களும் இருக்கான்கள். நேபாளக்காரன், கேரளாக்காரனோடயெல்லாம் மட்ச் நடக்கும். சொன்னா நீங்க கவலைப்படுவீங்க எண்டுதான் சொல்லல்ல.”

பதினொரு வருடமாக என் பிள்ளை என்னிடம் மறைத்து விளையாடியிருக்கிறான். நான் ஒளித்தேன், அவனும் ஒளித்தான். கோபம் வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வந்தது. அவன் சிறுவனாக முழங்கால் மண்ணோடு வந்து நின்ற காலத்தில் நான் ஒரு நாளாவது கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

“நீ எந்த இடத்தில ஆடுற மகன்?”

“பின்னுக்கு உம்மா. இடது பக்கம்” என்றான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆடிய அதே இடம். அவன் விழுந்தபோதெல்லாம் என் நெஞ்சு ஏன் அடித்தது என்று அப்போது விளங்கியது.

ஊர் திரும்பியபின்

ஜூன் மாதம் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு பஸ்ஸில் விடியும்போது ஊர் வந்து சேர்ந்தேன். அன்று பின்னேரமே அஸர் தொழுதுவிட்டு, எங்கள் மைதானப் பக்கம் நடந்தேன். கடல் காற்று. காய்ந்த புல். இருபது முப்பது பிள்ளைகள். சுற்றி நின்று பார்ப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். தேநீர்க் குடில் இல்லை. கம்பி இல்லை. மழை பெய்தால் பிள்ளைகள் உடை மாற்ற ஒரு கூரையும் இல்லை.

தாய்மாருக்கு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். படிப்பை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடட்டும் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆசிரியை அப்படிச் சொல்லமாட்டாள். வேலையையும் ஆட்டத்தையும் ஒரே வாரத்துக்குள் வைத்துக்கொள்ள ஒரு நாடு வழி செய்திருப்பதைப் பார்த்தேன். அந்த வழியைத் திறந்து வைத்திருப்பவர்கள் வாசலில் காசு வாங்குகிறவர்களும் உடுப்புத் துவைக்கிற கிழவிகளும்தான். அப்படிப்பட்ட வழி இங்கும் வேண்டும். அதுவரையில், பிள்ளையின் சப்பாத்தை ஒளிப்பதற்கு முன் அவன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்றாவது கேட்டுவையுங்கள்.

நெல் மூட்டைக்குள் இருந்த அந்தச் சாக்கைத் தேடி எடுத்தேன். சப்பாத்தின் தோல் வெடித்துப் போயிருந்தது. கழுவி, வெயிலில் காயவைத்து, வாசல் படியருகே வைத்திருக்கிறேன். மகன் அடுத்த விடுமுறையில் வருகிறான், இன்ஷா அல்லாஹ். அவனுக்கு அது இனிப் போடப் பயன்படாது. என்றாலும் அது வாசலில்தான் இருக்கும்.